பதினோரு மணி வீடு

நலத்துறை ஆபீஸ்ல இருந்து எங்க வீட்டுக்கு இதுவரைக்கும் மூணு பொண்ணுங்க வந்துட்டாங்க. மூணும் காலேஜ் பிள்ளைங்க. பயிற்சிக்கு அனுப்புறாங்களாம், பன்னெண்டு வாரம். சம்பளம் கிடையாது, கழுத்துல ஒரு அட்டை மட்டும் உண்டு. பன்னெண்டு வாரம் முடிஞ்சா அந்தப் பிள்ளை போயிடும், அடுத்தது வரும், வந்து முதல் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கும். "பாட்டி, தாத்தாவுக்கு என்ன வயசு?" சொல்லிச் சொல்லி என் வாய் தேஞ்சு போச்சு. இத்தனை மாசத்துல அவருக்கு ஒரு வயசு கூடினதுதான் மிச்சம்.

விஷயம் என்னன்னா, என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். முப்பத்திரண்டு வருஷம் ஓடுற பஸ்ல நின்னே சம்பாதிச்ச மனுஷன். இப்ப ரெண்டு வருஷமா ஞாபகம் தடுமாறுது, காலும் சொன்ன பேச்சு கேக்கல. காலைல எழுப்பி, பாத்ரூம் கூட்டிட்டுப் போய், குளிப்பாட்டி, துடைச்சு, சட்டை மாட்டி நாற்காலில உக்கார வைக்கிறதுக்குள்ள என் தோள்பட்டை கழண்டு கையோட வந்துடும் போல இருக்கும். டாக்டர் தோளை அமுக்கிப் பார்த்துட்டு, "இன்னும் இவரைத் தூக்கினீங்கன்னா, அப்புறம் உங்களைத் தூக்க ஆள் தேடணும்"னுட்டார்.

நலத்துறையில எழுதிப் போட்டா காலைல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு ஆள் அனுப்புவாங்க. அது கிடைக்கலைன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். என் பொண்ணு, அவ வேற ஊர்ல இருக்கா, ஏற்கனவே ஒரு முதியோர் இல்லத்துல பேசி வெச்சிருக்கா. ஞாயித்துக்கிழமை ஆனா ஃபோன். "அம்மா, அங்க ஒரு கட்டில் காலியாகுதாம்." யாரோ போய்ச் சேர்ந்தாத்தானே கட்டில் காலியாகும்? அதைப் போய் நல்ல சேதி மாதிரி சொல்லுவா. அவளைத் திட்டவும் முடியல. அவ பயம் அவளுக்கு.

இந்தப் பிள்ளைங்க கொண்டு வர்ற ஃபாரத்துல இருபது கேள்வி. தானே சாப்பிடுவாரா, தானே குளிப்பாரா, படியிறங்குவாரா, பேர் சொல்லுவாரா, இப்படி. தானே செஞ்சா சைபர், உதவி வேணும்னா ஒண்ணு, முடியவே முடியாதுன்னா ரெண்டு. மொத்தம் இருபத்திநாலு வந்தா ஆள் வரும். ஃபெயில் ஆனாத்தான் பாஸ், அப்படி ஒரு பரீட்சை.

முதல்ல வந்தது ஒரு கண்ணாடிக்காரப் பொண்ணு. பதினொண்ணு போட்டுட்டுப் போச்சு. தள்ளுபடி. தள்ளுபடி ஆனா மூணு மாசம் கழிச்சுத்தான் மறுபடி கேக்கலாம். அதுக்குள்ள கண்ணாடிக்காரி போயாச்சு. ரெண்டாவது வந்தது முதுகுல மூட்டை மாதிரி ஒரு பை மாட்டின பொண்ணு. பதிமூணு போட்டுச்சு. அதுவும் தள்ளுபடி. நான் அந்தப் பிள்ளைங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒண்ணும் தெரியாத பச்சைப் பிள்ளைங்களை அனுப்பி நம்ம உயிரை வாங்குறாங்கன்னு கீழ்வீட்டுத் தையல்காரம்மாகிட்ட ஒரு பாட்டம் புலம்பினேன்.

ஆனா தப்பு என்னோடது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு இழுக்கிறேன்.

பதினோரு மணிக்கு வர்றோம்னு முன்னாடியே கடுதாசி வரும். வீட்டுக்கு ஆள் வருதுன்னா சும்மா இருக்க முடியுமா? நான் அஞ்சு மணிக்கே எழுந்து வீட்டைப் பெருக்கித் துடைச்சு, ஈரமான படுக்கை விரிப்பை மாடில காயப்போட்டு, அவரைக் குளிப்பாட்டி, ஷேவ் பண்ணி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாட்டி, தலை வாரி ஜன்னல் பக்கம் உக்கார வெச்சிடுவேன். நாத்தம் போக ஜன்னல் எல்லாம் திறந்து வெச்சிடுவேன். பதினோரு மணிக்குப் பார்த்தா மாப்பிள்ளை மாதிரி இருப்பார். வெளியாள் முகத்தைப் பார்த்தா அவருக்கும் எங்கிருந்துதான் வருமோ, அப்படியே பழைய கண்டக்டர்! "உள்ள போங்கம்மா, உள்ள போங்க, பின்னால இடம் இருக்கு!" பிள்ளைங்க சிரிச்சுடும். தானே குளிப்பீங்களா தாத்தான்னு கேட்டா, "பின்ன, நீயா வந்து குளிப்பாட்டுவே?"ம்பார். நானும் பக்கத்துல நின்னுக்கிட்டு, "ஆமாமா, நான் சும்மா துண்டு எடுத்துக் குடுக்கிறதோட சரி"ன்னு சொல்லுவேன். முப்பத்திரண்டு வருஷம் சட்டை மடிப்பு கலையாம போன மனுஷன். அவர் எதிரிலேயே, ஒரு சின்னப் பொண்ணுகிட்ட, இவர் படுக்கையை நனைக்கிறார்னு எந்த வாயால சொல்றது?

அந்தப் பிள்ளைங்க பார்த்ததைத்தான் எழுதுச்சு. பார்க்கிறதுக்கு ஒண்ணும் வைக்காம நான் துடைச்சுட்டேன்.

மூணாவது வந்தது ஒரு அவசரக்குடுக்கை. கடுதாசில பதினோரு மணின்னு போட்டிருந்துச்சு. அன்னைக்குக் காலைல அவர் பாத்ரூம்ல வழுக்கலை, அப்படியே மெதுவா சரிஞ்சு உக்கார்ந்துட்டார். எழுப்ப முடியல. நானும் அவர் பின்னாடி தரையில உக்கார்ந்து முதுகைத் தாங்கிப் பிடிச்சிருக்கேன். குழாய் திறந்தபடி ஓடுது, எட்டி மூட கை எட்டல. என் நைட்டி தொப்பலா நனைஞ்சாச்சு. அவரோ என்னைப் பார்த்து, "யாரும்மா நீ, விடு, வண்டி கிளம்பிடும்"ங்கிறார். கதவு தட்டுற சத்தம். தையல்காரம்மாதான்னு நினைச்சு, "கதவு திறந்துதான் இருக்கு, சீக்கிரம் வாடி"ன்னு கத்தினேன்.

வந்து நின்னது கழுத்துல அட்டை.

"ஐயோ" அப்படின்னுச்சு. அப்புறம் குழாயை மூடுச்சு. "பாட்டி, நாங்க ஆளைத் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க"ன்னு அழுற மாதிரி சொல்லிட்டு, சமையல்கட்டுல இருந்த ஸ்டூலைத் தூக்கிட்டு வந்து அவர் முன்னாடி வெச்சுது. கீழே ஓடிப் போய்த் தையல்காரம்மாவையும் கூட்டிட்டு வந்துச்சு. அவர் ஸ்டூலைப் பிடிக்க, நாங்க ரெண்டு பேரும் கக்கத்துல கை குடுக்க, ஒரு வழியா எழுந்தார்.

"மணி ஒன்பதுதானே ஆகுது, இப்ப ஏன் வந்தே?"ன்னு வெடுக்குனு கேட்டேன். கோவம் இல்ல, மானம் போச்சே.

"ஒன்பது மணிக்குப் பார்க்க வேண்டிய வீடு பூட்டி இருந்துச்சு பாட்டி. பூட்டின வீட்டுக்கு எங்களுக்கு மணி கணக்கு இல்ல. நானூறு மணி நேரம் முடிச்சாத்தான் காலேஜ்ல பாஸ் போடுவாங்க. அதான், நீங்க இருந்தா முன்னாடியே பார்த்துடலாம்னு..."

"பதினோரு மணிக்கு வான்னா பதினோரு மணிக்கு வா. போ."

போயிடுச்சு. எங்கயும் போகல, மாடிப்படியிலதான் உக்கார்ந்திருந்துச்சாம். நான் வழக்கம் போல துடைச்சேன், பெருக்கினேன், அவருக்கு வெள்ளைச் சட்டை மாட்டினேன். அன்னைக்குக் கை தூக்கவே வரல, பட்டன் போட அரை மணி ஆச்சு. பதினோரு மணிக்கு, என்னமோ புதுசா வர்ற மாதிரி கதவு தட்டுச்சு.

"உள்ள போங்கம்மா, பின்னால இடம் இருக்கு!" அவருக்கு ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி அவளைப் பார்த்ததே நினைப்பில்ல.

டீ குடுத்தேன். ஃபாரத்தை எடுத்துச்சு. வயசு, பேர் எல்லாம் ஆச்சு. தானே சாப்பிடுவாரா? சாப்பிடுவார்னேன். தானே குளிப்பாரா? "குளிப்பார். நான் சும்மா துண்டு..."

பேனாவைக் கீழே வெச்சுடுச்சு.

"பாட்டி, நான் ஒன்பது மணிக்குப் பார்த்த வீட்டை எழுதவா, இந்தப் பதினோரு மணி வீட்டை எழுதவா?"

நான் கண்ணால ஜாடை காட்டினேன், அவர் கேட்டுட்டு இருக்கார்னு.

"தாத்தாவை வெச்சுக்கிட்டுத்தான் கேக்கணும். அப்படித்தான் விதி."

"உன் விதியை எழுதினவன் புருஷன் பொண்டாட்டியா யாரையும் பார்த்ததே இல்ல போல."

"இருக்கலாம் பாட்டி. ஆனா நீங்க சொல்லலைன்னா நான் பார்த்ததை மட்டும் எழுதி ஒண்ணும் ஆகாது. நான் போட்ட மார்க்கை ஆபீஸ்ல எங்க மேடம் அடிச்சுடுவாங்க. பயிற்சிப் பிள்ளை பேச்சை யாரு நம்புறா? எனக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. அப்புறம் இன்னொருத்தி வந்து தாத்தாவுக்கு என்ன வயசுன்னு கேப்பா."

அதான் என்னைச் சாய்ச்சுது. இன்னொரு தடவை அந்த முதல் பக்கம்னு நினைச்சதும் உடம்புல இருந்த கொஞ்ச நஞ்ச தெம்பும் இறங்கிப் போச்சு. நாற்காலில உக்கார்ந்தேன். உக்கார்ந்து சொன்னேன். குளிக்க மாட்டார், நான்தான் குளிப்பாட்டுறேன். தானா எழுந்திருக்க முடியாது. ராத்திரி படுக்கை நனையுது. ஸ்பூன்ல ஊட்டினாத்தான் வயிறு நிறைய சாப்பிடுவார். சில நாள் என்னை யாருன்னு கேப்பார். ஒவ்வொண்ணும் சொல்லும்போது அவர் பக்கமே திரும்பல, டீ கிளாஸைப் பார்த்தே சொன்னேன். அந்தப் பொண்ணும் தலை நிமிராம எழுதுச்சு.

முடிச்சுட்டு நிமிர்ந்தா, அவர் ஜன்னலைப் பார்த்துட்டு இருக்கார். கொஞ்ச நேரம் கழிச்சு, யாரையும் பார்க்காம கேட்டார்: "என்னை எந்த ஸ்டாப்ல இறக்கி விடப் போறீங்க?"

"ஒரு ஸ்டாப்லயும் இல்ல. நீங்க உக்காருங்க பேசாம."

"பாஸ் இருக்கு எங்கிட்ட"ன்னார், சட்டைப் பையைத் தடவிக்கிட்டே.

"இருக்கட்டும், வெச்சுக்கோங்க."

அந்தப் பொண்ணு மூக்கை உறிஞ்சிக்கிட்டு ஃபாரத்தை நீட்டுச்சு, கையெழுத்துப் போட்டேன். இருபத்தேழு.

அதோட முடிஞ்சுதா? ரெண்டு வாரம் கழிச்சு ஃபோன் பண்ணுச்சு. "பாட்டி, மேடம் நம்ப மாட்டேங்கிறாங்க. முதல்ல பதினொண்ணு, அப்புறம் பதிமூணு, திடீர்னு எப்படி இருபத்தேழுன்னு கேக்கிறாங்க. நான் இரக்கப்பட்டு ஏத்திப் போட்டுட்டேனாம். அவங்களே நேர்ல வர்றாங்க. வியாழக்கிழமை."

"எத்தனை மணிக்கு?"

"பதினோரு மணிக்கு பாட்டி."

வியாழக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துடுச்சு. கையும் காலும் தானா விளக்குமாறு தேடுது. கட்டில் ஓரத்துல உக்கார்ந்து ரெண்டு கையையும் தொடைக்கு அடில வெச்சுக்கிட்டேன். அவருக்கு அடில மட்டும் காஞ்ச துணி மாத்தினேன், அது மனுஷத்தன்மை. விரிப்பை எடுக்கல. அவருக்குக் குளியல் இல்ல, ஷேவ் இல்ல, முந்தின நாள் சட்டை, அதுல கஞ்சி சிந்தின கறை. ஜன்னலைத் திறக்கல. எட்டு மணி ஆச்சு, ஒன்பது ஆச்சு. பெத்த பிள்ளையை அழ விட்டுட்டு உக்கார்ந்திருக்கிற மாதிரி இருந்துச்சு. நாற்பத்தஞ்சு வருஷத்துல இப்படி ஒரு நாளும் அவரை வெளியாளுக்குக் காட்டினது இல்ல.

மேடம் வந்தாங்க, பின்னாடியே அவசரக்குடுக்கை. மேடமும் பாவம், கண்ணுக்குக் கீழ ரெண்டு பை தொங்குது. கையில எங்க ஃபைல் மாதிரி இன்னும் ஏழெட்டு. வாசல்லயே மூக்கைச் சுருக்கினாங்க. எனக்கு அப்படியே நிலம் பிளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சு.

அவர் தலையைத் தூக்கினார். வழக்கமா சொல்றதைச் சொல்லப் போறார், போச்சுடான்னு நினைச்சேன். வாயைத் திறந்தார், குனிஞ்சு தன் சட்டைக் கறையைப் பார்த்தார், அதைக் கையால மறைச்சுக்கிட்டார்.

மேடம் அவர்கிட்ட ஒரு கேள்வியும் கேக்கல. படுக்கையறை வரைக்கும் போய் எட்டிப் பார்த்தாங்க. திரும்பி வந்து என்கிட்ட, "உங்க தோள் எப்படிம்மா இருக்கு?"ன்னு கேட்டாங்க. இத்தனை மாசத்துல அந்த ஆபீஸ்ல இருந்து யாரும் கேக்காத கேள்வி. அது ஃபாரத்துல இல்ல. கையை இடுப்புக்கு மேல தூக்கிக் காட்டினேன், அவ்வளவுதான் வந்துச்சு. நின்னபடியே ஃபைல்ல என்னமோ எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க.

வெளிய போகும்போது அந்தப் பொண்ணு என் காதுகிட்ட வந்து, "திங்கட்கிழமைல இருந்து ஆள் வருவாங்க பாட்டி. நான் நாளையோட போறேன்"னுச்சு.

"உன் மணி நேரம் முடிஞ்சுதா?"

"ஆறு மணி நேரம் குறையுது. உங்க வீட்டு மாடிப்படில உக்கார்ந்ததை எழுத முடியாதே!" சிரிச்சுட்டே இறங்கிடுச்சு. பேரைக் கேட்டிருக்கலாம். அட்டையில இருந்திருக்கும், நான் படிக்கல.

மேடம் தெரு திரும்புறதுக்குள்ள வெந்நீர் வெச்சுட்டேன். அவரைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை மாட்டி, ஜன்னல் பக்கம் உக்கார வெச்சேன். சாயங்காலம் வரைக்கும் அவர் என்கிட்ட முகம் குடுத்துப் பேசல. மறந்திருப்பார்னுதான் நினைச்சேன், மறக்கல போல.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு ஆள் வரணும். நான் நாலரைக்கே எழுந்து பெருக்க ஆரம்பிச்சுட்டேன், பாருங்களேன். பாதி கூடம் பெருக்கினதும் தோள் சுரீர்னு இழுத்துச்சு. விளக்குமாத்தைச் சுவர்ல சாத்திட்டு, குப்பை அங்கேயே கிடக்கட்டும்னு அவர் பக்கத்துல போய்ப் படுத்துட்டேன்.

"யாரு வர்றா?"ன்னார் தூக்கத்துல.

"உங்களைக் குளிப்பாட்ட ஆள் வருது."

"இடம் இருக்கா?"

"இருக்கு, தூங்குங்க."

கதவைத் தட்டினப்போ நான் எழுந்திருக்கல. பூட்டாமத்தான் வெச்சிருந்தேன்.