கழித்தலுக்குப் பதில் கூட்டல்

கழித்தல் போட வேண்டிய இடத்தில் கூட்டல் போட்டுத் தொலைத்தேன். நான் செய்த தப்பு அவ்வளவுதான். அவர் செய்ததற்கு என்ன பெயர் வைப்பதென்று இன்னும் தெரியவில்லை.

நானும் என் வீட்டுக்காரரும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். பருவநிலையைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் பெரிய மாடல் அவர் பொறுப்பு. என் பங்கு, காற்றில் எழும் ஈர்ப்பலைகள். மலையில் முட்டிய காற்று மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே உயரப் போகும். அங்கே அலை உடைந்து மேல்காற்றின் வேகத்தை இழுத்துப் பிடிக்கும். அலைகள் மாடலின் கண்ணுக்குச் சிக்காத அளவு சின்னவை. அதனால் அந்தப் பிடிக்குக் குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். அதை முறையாகக் கணக்கிடும் நிரலை நான் எழுதினேன். அம்மா போனில் "விசேஷம் உண்டா?" என்று கேட்கும்போதெல்லாம் "அலை நல்லா வருதும்மா" என்பேன்.

என் நிரல் மாடலில் சேர்ந்த பிறகு மேல்காற்று அசலோடு ஒத்துப்போனது. இயக்குநர் எல்லோர் முன்னாலும் கைகொடுத்தார். கேக் வாங்கி வந்தவர் என் வீட்டுக்காரர்தான்.

புதிய பதிப்புக்காகத் திருத்தும்போதுதான் அந்தக் கூட்டல் விழுந்தது. அவரிடம் கொடுத்து, மாடல் ஓடி முடிந்த பிறகே அதைக் கவனித்தேன். இழுத்துப் பிடிக்க வேண்டியது தள்ளிவிட்டால் காற்று தறிகெட்டு ஓடியிருக்க வேண்டும். பதறிப்போய் வரைபடத்தைத் திறந்தேன். காற்று சமர்த்தாக இருந்தது. போன தடவை வந்த அதே கோடு, இம்மி பிசகாமல்.

நேரே அவர் அறைக்குப் போனேன்.

"என் நிரலை ஓட்டுறீங்களா, இல்லையா?"

திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏன், என்னாச்சு?"

"ஓட்டுறீங்களா?"

நாற்காலியைத் திருப்பினார். "முதல் தடவை சேர்த்தப்ப மாடலே நின்னு போச்சும்மா. நீ அப்போ சாப்பிடாம கொள்ளாம கிடந்த. உன் மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லல. அதை அணைச்சு வச்சுட்டு, பழைய எண்ணையே கொஞ்சம் முறுக்கிவிட்டேன். காத்து சரியா வந்துடுச்சு."

"அதுக்கப்புறம் எத்தனை தடவை திருத்திக் குடுத்தேன்? ஒரு தடவையாவது போட்டுப் பார்த்தீங்களா?"

மறுபடி திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாவம் பார்த்தாராம். ஏமாற்றியதைக்கூட விடுங்கள். நான் தோற்றுவிட்டேன் என்று அவராகவே முடிவுகட்டிவிட்டு, பக்கத்தில் படுத்து நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கூட்டலைக் கழித்தலாக்கி, அவர் கையாலேயே நிரலைப் போட வைத்தேன். மாடல் நிற்கவில்லை. ஓடி முடித்தபோது, மேல்காற்று அவர் முறுக்கியதைவிட அசலுக்கு நெருக்கமாக வந்திருந்தது. குளிர்காலத்தில் துருவக் காற்று திடீரென்று தடுமாறுமே, இந்த மாடல் ஒருநாளும் காட்டாத அதுவும் வந்திருந்தது. வரைபடத்தை எடுத்துக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோது அவர் முகமெல்லாம் பல்லாக நின்றார்.

"கெட்டிக்காரிடி நீ. இனிமே இதையே போட்டுடலாம். பழைய கதை யாருக்கும் தெரிய வேண்டாம்."

"தெரிஞ்சாச்சு. இயக்குநர்கிட்ட சொல்லிட்டுத்தான் வரேன். வெளியிட்ட எதுலயும் என் வேலை துளிகூட இல்ல, அன்னைக்குக் கைகொடுத்தது எனக்குச் சேர வேண்டியதில்லன்னு."

முகம் செத்துப்போனது. "என்னைப் பத்தி ஒரு நிமிஷம் யோசிச்சியா?"

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லாம இருந்திருக்கணுமோ?" என்று கேட்டேன்.