கூரையைத் தாண்டாத ஜெபம்

சின்னு இலக்கியம் மூன்றாம் ஆண்டு படித்தாள். கடைக்குட்டி என்பதால் வந்த பெயர் அது. கல்லூரிப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அம்மா அதைக் கோபம் வந்தால் மட்டும் எடுப்பாள்.

அவள் வளர்ந்த ஆலயத்தில் அப்பம் என்றால் என்ன, திராட்சரசம் என்றால் என்ன, ஏற்றி வைத்த மெழுகுவர்த்தி என்றால் என்ன என்பதெல்லாம் அவள் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டிருந்தது. வகுப்பில் அப்படி இல்லை. கதையில் ஒரு ஜன்னல் வந்தால் அது என்னவென்று நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் வருடம் அவளுக்குத் தலை சுற்றியது. இரண்டாம் வருடம் பிடிபட்டது. மூன்றாம் வருடம் நிறுத்த முடியவில்லை. பேருந்தில் ஒருவர் குடையை மறந்துவிட்டு இறங்கினார். 'கைவிடப்பட்ட பாதுகாப்பு' என்று மனதுக்குள் குறித்துக்கொண்டாளே தவிர, அவரைக் கூப்பிட்டுக் குடையைக் கொடுக்கத் தோன்றவில்லை. இரண்டு நிறுத்தம் கழித்துத்தான் சுருக்கென்றது.

நாடகம் அதற்கும் முன்பே ஒட்டிக்கொண்டது. ஞாயிறு பள்ளி நாடகமொன்றில் எக்காளச் சத்தத்துக்கு இடிந்து விழவேண்டிய மதிலில் அவளும் ஒரு கல். எக்காளம் ஊதுவதற்குள் விழுந்துவிட்டாள். மற்ற கற்களும் இவளைப் பார்த்து விழுந்தன. சபையே சிரித்தது. அழுதுகொண்டு வந்தவளிடம் அண்ணன் சொன்னான்: "அழாதடி. நீ விழுந்ததுனாலதான் பின் வரிசையில எல்லாரும் முழிச்சாங்க."

அண்ணன் அவளைவிட ஆறு வயது மூத்தவன். அப்பா இறந்த மறுவருடம் போதகராகப் போகிறேன் என்று இறையியல் கல்லூரியில் சேர்ந்தான். அம்மா சீருடை தைக்கும் தொழிற்சாலையில் வெட்டும் பிரிவில் வேலை பார்த்தாள். ஒரே நேரத்தில் நாற்பது அடுக்குத் துணியைப் பிசிறில்லாமல் வெட்டுவாள். மகன் போதகரானதும் உடுத்தவேண்டிய வெள்ளை அங்கியை யாரிடமும் விடாமல் அவளே வெட்டி அவளே தைத்தாள். அங்கே மூன்றாம் வருடம் ஒரு திங்கட்கிழமை, அண்ணன் பெட்டியோடு வந்து வாசலில் நின்றான். "பிடிக்கலம்மா" என்றான். அம்மா, "சாப்பிட்டியா?" என்றாள். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அடுத்த மாதமே குளிர்சாதனம் பழுதுபார்க்கும் கடையில் வேலைக்குப் போனான். ஆலயத்துக்கு மட்டும் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு ஏசி சொல்லி வைத்ததுபோல் கெட்டுப்போனது.

அங்கி நான்கு மாதம் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. சின்னு முதல் வருடம் படித்தபோது ஒரு மதியம் கல்லூரியிலிருந்து சீக்கிரம் வந்தாள். அம்மா தரையில் உட்கார்ந்து அதை வெட்டிக்கொண்டிருந்தாள். உதடுகள் இறுகிக் கிடந்தன. "என்னம்மா பண்ற?" என்றதற்குப் பதில் இல்லை. நிமிர்ந்து ஒரு பார்வை. போ என்று ஒரு கையசைப்பு. அவ்வளவுதான். அம்மாவுக்கு இவ்வளவு கோபமா?

நாடகப் பாடத்துக்கு ஆளுக்கொரு அரைமணி நேர நாடகம் எழுத வேண்டும் என்று பேராசிரியை சொன்னபோது, சின்னுவின் பேனா நேராக அந்த மதியத்துக்குத்தான் போனது. படிப்பை விட்டு வந்த மகன், பேசாத தாய், சுவரில் தொங்கும் வெள்ளை அங்கி. கடைசிக் காட்சியில் தாய் ஒரு வார்த்தை பேசாமல் அதைத் துண்டு துண்டாக வெட்டுகிறாள். பேராசிரியை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"துணியையா வெட்டறா அவ? மகனுக்கு ஆண்டவர் குடுத்த அழைப்பையே வெட்டறா. பிரமாதம்மா."

அந்தப் பாராட்டில் இரண்டு நாள் கால் தரையில் படவில்லை. ஒரே ஒரு வசனத்தின் பக்கத்தில் மட்டும் 'தேவையா?' என்று பென்சிலில் எழுதியிருந்தார். மகன் தாயிடம் சொல்லும் வசனம்: "நான் ஜெபம் பண்ணா அது கூரையோட நின்னுடுதும்மா. மேல போகவே மாட்டேங்குது." ஜெராக்ஸ் கடை வரிசையில் நின்றபோது இட்டுக்கட்டியது அது. அண்ணன் அப்படியெல்லாம் பேசுகிறவனும் இல்லை. எடுத்துவிடலாம் என்று நினைத்து, சோம்பலில் விட்டுவிட்டாள்.

நாடகம் தேர்வானது. வெள்ளி, சனி இரண்டு நாள் மாலை நான்கு மணிக்குக் கல்லூரி அரங்கில் போடுவதாக ஏற்பாடு. வீட்டில் அவள் மூச்சு விடவில்லை. எப்படிச் சொல்வது? வீட்டில் நடந்ததை எடுத்து ஊருக்குக் காட்டப்போகிறேன் என்றா?

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் சொன்னான்: "இன்னிக்கு உங்க காலேஜ் அரங்கத்துக்குத்தான் வந்தேன். மேடைக்குப் பின்னால இருக்கற ஏசி கம்ப்ரெஸர் போயிருந்துச்சு."

சின்னு அவசரமாகத் தண்ணீர்க் குவளையை எடுத்தாள்.

"அறிவிப்புப் பலகையில உன் பேரு. 'வெள்ளை அங்கி', எழுதி இயக்குவதுன்னு போட்டிருக்கு." அவன் அம்மாவின் பக்கம் திரும்பினான். "அம்மா, வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போடு. நம்ம வீட்டு எழுத்தாளர் நாடகம்."

"இவளா? சொல்லவே இல்ல!" என்றாள் அம்மா. சின்னு எதையோ முணுமுணுத்துவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

அந்த இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஜெபம் பண்ணிப் பார்த்தாள். 'ஆண்டவரே, அரங்கத்தில் மின்சாரம் போகட்டும்' என்றுதான் வாயில் வந்தது. இப்படியும் ஒரு ஜெபமா என்று வெட்கமாகிப் பாதியில் நிறுத்தினாள்.

வெள்ளிக்கிழமை மின்சாரம் போகவில்லை. சின்னு மேடையின் பக்கத்திரைக்குப் பின்னால், நடிகர்கள் வசனம் மறந்தால் எடுத்துக் கொடுப்பதற்காகப் பிரதியோடு நின்றாள். திரை இடுக்கில் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் அம்மா, ஆலயத்துக்கு மட்டும் போடும் காலணியில் கால் கடிக்க உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அண்ணன், வேலைச் சட்டையோடு.

முதல் இருபது நிமிடம் ஒழுங்காகப் போனது. மகனாக நடித்தவன் வகுப்புத் தோழன். குரல் வளத்துக்காக அவனை மைக் என்று கூப்பிடுவார்கள். அந்த மைக்குக்குத்தான் திடீரென்று வசனம் மறந்தது. தாயாக நடித்த பெண் அவனையே பார்த்தாள். அவன் உதட்டை நனைத்துக்கொண்டான். சின்னு பிரதியைப் பார்த்தாள். அதே வசனம். மெதுவாக எடுத்துக் கொடுத்தாள். அவனுக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். மூன்றாவது முறை பதற்றத்தில் குரலை அடக்க மறந்துவிட்டாள்.

"நான் ஜெபம் பண்ணா அது கூரையோட நின்னுடுதும்மா. மேல போகவே மாட்டேங்குது."

அரங்கம் முழுக்கக் கேட்டது. சிரிப்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை. திறந்தபோது மைக் வசனத்தைத் திருப்பிச் சொல்லாமல் மெல்லத் தலையை உயர்த்திக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருநூறு பேரும் அவனோடு சேர்ந்து கூரையைப் பார்த்தார்கள். ஒரு மின்விசிறியும் தூசியும்தான் அங்கே இருந்தன. அப்படியும் பார்த்தார்கள்.

பிறகு கத்தரிக்கோல் காட்சி, கைதட்டல், திரை. பேராசிரியை ஓடி வந்து அவள் தோளைப் பிடித்தார். "அந்தக் குரல வெளியிலேர்ந்து வர வச்சியே, எங்கேம்மா பிடிச்ச அந்த யோசனைய?" சின்னுவுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. மூன்றாவது வரிசையில் அம்மா மட்டும்தான் இருந்தாள். பக்கத்து நாற்காலி காலி.

"அண்ணன் எங்கேம்மா?"

"வெளிய போறேன்னான். அது இருக்கட்டும்," அம்மாவின் முகம் சிவந்திருந்தது. "துணிய அப்படியாடி வெட்டுவாங்க? குறுக்கால, கோணலா, கறிக்கடைக்காரன் மாதிரி! நான் எப்ப அப்படி வெட்டினேன்?"

"அம்மா, மன்னிச்சிடு. உன் கோபத்த..."

"எந்தக் கோபம்?"

"அன்னிக்குக் கேட்டேனே. பதிலே சொல்லாம முறைச்சியே."

அம்மா ஒரு நொடி விழித்தாள். "வாயில ஏழெட்டுக் குண்டூசி வச்சிருந்தேன்டி! எப்படிப் பேசறது? முழுங்கிட்டா நீயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவ?"

"அப்ப அந்த அங்கிய எதுக்கும்மா வெட்டின?" என்றாள் சின்னு.

"அவன்தான் சொன்னான், சும்மா தொங்குது, யாருக்காவது உதவட்டும்மான்னு. நல்ல பருத்தி. எங்க பிரிவுல ஒருத்திக்குக் குழந்தை பிறந்திருந்துச்சு. ஆறு சட்டை வந்துச்சு தெரியுமா? ஒரு சாண் துணி வீணாகல." அதைச் சொல்லும்போது அம்மாவின் குரலில் தொழில்காரியின் பெருமை இருந்தது.

பேராசிரியை சிலாகித்த அந்த மகா மௌனம், குண்டூசி. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சின்னு அண்ணனைத் தேடிப் போனாள்.

அரங்கத்தின் பின்பக்கம், புதன்கிழமை அவன் பழுதுபார்த்த ஏசியின் வெளிப்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்துத் திட்டில் அண்ணன் குனிந்து உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது.

"அண்ணா..."

"யாரு சொன்னா உனக்கு?"

"எத?"

"கூரை." அவன் நிமிர்ந்தான். "நான் யாருகிட்டயும் சொல்லல. கூட இருந்த பசங்ககிட்ட சொல்லல, அம்மாகிட்ட சொல்லல. உனக்கு எப்படித் தெரியும்?"

"யாரும் சொல்லல. நானா எழுதினது. பொய்யா."

அவன் அவளையே பார்த்தான். பிறகு சிரித்தான், சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. "மூணாவது வருஷம் பூரா அதாண்டி. காலையில அஞ்சு மணிக்கு முழங்கால் போடுவேன். வார்த்தை மேல போய் முட்டி அப்படியே திரும்பி வர்ற மாதிரி இருக்கும். இத வச்சிக்கிட்டு நான் நாளைக்கு யாருக்காக ஜெபம் பண்றது? சொன்னா அம்மா தாங்க மாட்டாங்க. அதான் பிடிக்கலன்னேன்."

"இப்ப மேடையில கேட்டப்போ கஷ்டமா இருந்துச்சா?"

"மொதல்ல நெஞ்சு நின்னே போச்சு. அப்புறம் பார்த்தா, அத்தன பேர் கேட்டுட்டு சும்மா உக்காந்திருக்காங்க. ஒருத்தரும் எழுந்து போகல. பக்கத்துல நம்ம அம்மா கண்ணத் துடைக்கறாங்க." அவன் நீளமாக மூச்சு விட்டான். "இவ்வளவுதானா இதுன்னு இருந்துச்சு."

பின்னாலிருந்து, "இவ்வளவுதான்" என்றது ஒரு குரல். அம்மா காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

திட்டில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்கப்பா ஆஸ்பத்திரியில கெடந்தாரே ரெண்டு மாசம், அப்ப எனக்கும் ஒண்ணும் மேல போகல. அவர் போனப்புறமும் போகல. ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்."

"ஆனா நீ தினமும் ஜெபம் பண்ணியேம்மா. நாங்க பார்த்தோமே."

"பண்ணேன். வேற என்ன பண்றது? வாய் பாட்டுக்குச் சொல்லும், கை பாட்டுக்குத் துணி வெட்டும். எப்போ திரும்பப் போக ஆரம்பிச்சுதுன்னு எனக்கே தெரியாது." முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். "இத மூணு வருஷமா மனசுல வச்சிக்கிட்டு எனக்குத் தெரியாம மென்னு முழுங்கிட்டிருந்தியா? என்னைப் பத்தி என்னதான்டா நெனச்ச?"

அவன் அவள் தோளில் தலையைச் சாய்த்தான். அவ்வளவு பெரிய உடம்பு சாய்ந்ததில் அம்மா கொஞ்சம் சரிந்து, திட்டைப் பிடித்துக்கொண்டாள். சின்னு அம்மாவின் காலணியை எடுத்து வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் முதல் ஆளாகப் போய்ப் பேராசிரியையிடம் கடைசிக் காட்சியை மாற்ற வேண்டும் என்றாள். அவருக்கு மனமில்லை.

"அதுதானேம்மா நாடகத்தோட உயிர்?"

"நடந்தது அப்படி இல்ல மேடம்."

"நடந்ததத்தான் எழுதணும்னு யாரு சொன்னா?"

நியாயமான கேள்வி. இட்டுக்கட்டிய வசனம் உண்மையாகவும், கண்ணால் பார்த்த காட்சி பொய்யாகவும் போயிருந்தது. சின்னு யோசித்துச் சொன்னாள்: "நடக்கலங்கறதுக்காகச் சொல்லல மேடம். அங்கிக்கு என்ன அர்த்தம்னு பார்த்த நான் அந்த அம்மாவப் பாக்கல. அவங்க யாருன்னு தெரியாமலே எழுதிட்டேன். இப்போ தெரியும்."

பேராசிரியை பென்சிலால் மேசையைத் தட்டினார். "மூணு மணிக்குள்ள நடிகருங்க கத்துக்கணும். உன் பாடு."

அன்று மாலை மேடையில் தாய் உதட்டில் ஊசிகளோடு உட்கார்ந்திருந்தாள். மகன் எதைக் கேட்டாலும் "ம்ம்", "ம்ஹும்" என்றாள். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திவிட்டு, வாய் காலியானதும் மகனைப் பார்த்து, "இப்ப சொல்லு" என்றாள். அரங்கம் அமைதியானது. நேற்றைப்போல் இறுகிப்போன அமைதி இல்லை.

அண்ணனால் வரமுடியவில்லை, எங்கோ ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை. ஏழு மணிக்கு வந்தான், கையெல்லாம் கிரீஸ். மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சாப்பாட்டு ஜெபத்தை அம்மாதான் எப்போதும் சொல்வாள். அன்று அவனைப் பார்த்து, "நீ சொல்றியா?" என்றாள்.

அவன் தலையசைத்தான். "வேணாம்மா. இன்னிக்கு வேணாம்."

"சரி," என்றாள் அம்மா, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல். இரண்டே வரியில் தானே சொல்லி முடித்துவிட்டுக் குழம்புக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டு, அரங்கத்தில் எத்தனை பேர் வந்தார்கள், யார் எங்கே சிரித்தார்கள் என்று சின்னுவைக் கேட்க ஆரம்பித்தான். அவள் வாய் நிறையச் சோற்றோடு ஒவ்வொன்றாகச் சொன்னாள்.