எக்கோவின் மறதி

1

இது கதையாகப் பிறக்கவில்லை. கேப் கோஸ்ட்டில் எங்கள் ‘வெறுந்தரை’ நாடகக் குழுவுக்கு இருபது வயது ஆகிறது. ஆண்டு மலர் போடுகிறோம், குழுவின் வரலாறு எழுதித் தா என்றார் குழுவைத் தொடங்கிய அபா அக்கா. நானும் ஒழுங்காகத்தான் தொடங்கினேன்:

பார்வையாளரையே நடிகராக்கும் புதிய உத்தியை நன்கு திட்டமிட்டு, எமது குழு…

(இதற்கு மேல் பேனா நகரவில்லை. பொய் எழுத எனக்குக் கூச்சமில்லை. இந்தப் பொய்யில் எங்கள் நடிகன் எக்கோ மாட்டிக்கொள்கிறான், அதுதான் சிக்கல்.)

2

மறுபடி தொடங்குகிறேன். மீன் சந்தையில் முதல் நாடகம். கதாநாயகன் எக்கோ நீதிபதியைக் கூப்பிட வேண்டிய கட்டம். நாடகத்தில் நீதிபதியின் பெயர் அனானே. எக்கோ நெஞ்சை நிமிர்த்தி, “கோஃபி! வெளிய வா!” என்று கத்தினான்.

எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் எவனும் கோஃபிதான். கூட்டத்தில் பதினோரு பேர் எழுந்தார்கள். அதில் ஒரு லாரி ஓட்டுநர், “என்னய்யா, எதுக்குக் கூப்பிட்ட?” என்று நடுவில் வந்து நின்று, வழக்கைக் கேட்டு, தீர்ப்பும் சொல்லிவிட்டார். சந்தையே குலுங்கியது.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாடகத்திலும் ஒரு பாத்திரத்தைக் காலியாக விட்டு, ஏதாவது ஒரு கிழமைக்குரிய பெயரைக் கூவுகிறோம்; எழுந்து வருகிறவர் நடிக்கிறார். எங்கள் புகழெல்லாம் அதனால்தான்.

3

“திட்டம்னே எழுது. மறதின்னு போட்டா எவன் மதிப்பான்?” என்றார் அபா அக்கா.

எக்கோவுக்கு வந்ததே கோபம். “அன்னைக்கு மறந்தேன்னு அப்புறம் எனக்குப் பெரிய வேஷமே தரல. இருபது வருஷமா சிப்பாய், மரம். எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு மறதிதான்க்கா. அதையும் பிடுங்கினா நான் குழுவுலயே இல்ல!”

“மரமா நின்னப்பவே வசனம் மறந்தவன்தானே நீ!”

“மரத்துக்கு ஏதுக்கா வசனம்?”

“இல்லாத வசனத்தையே மறந்தவன்டா நீ!”

4

எக்கோ பக்கமே எழுதுவது என்று முடிவு செய்து, பழைய பெட்டியில் அந்த நாடகத்தைத் தேடினேன். அப்போது நடிகர்களுக்கு வசனத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்தவன் நான். எக்கோவின் தாள் கிடைத்தது. அதில் என் கையெழுத்தில், “கோஃபி! வெளியே வா!” என்று இருக்கிறது.

(அனானேவாக நடித்தவனின் சொந்தப் பெயர் கோஃபி. கை அதை எழுதிவிட்டது.)

எக்கோ எதையும் மறக்கவில்லை. எழுதியிருந்ததை அப்படியே சொல்லியிருக்கிறான்.

5

முடிவு ஒன்று: தாளைக் காட்டுகிறேன். மறதிக்காரன் என்ற கெட்ட பெயர் போகும். அவனுடைய ஒரே பெருமையும் கூடவே போகும்.

முடிவு இரண்டு: தாளைக் கிழித்து… (முயன்றேன். ஓரம்தான் கிழிந்தது.)

முடிவு மூன்று:

எக்கோ வந்துவிட்டான். “எழுதிட்டியாடா? குடு, படிக்கிறேன்.”

எனக்கு வெட்கமாக இருக்கிறது. எங்கள் வழக்கப்படி இந்தப் பாத்திரத்தைக் காலியாக விடுகிறேன்; எல்லாத் தாள்களும் இப்போது, வாசிக்கும் உங்களிடம்தான் இருக்கின்றன. அவன் உங்களைப் பார்த்துக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.