இலை மாற்றாத தேநீர்

சீனாவில், எங்கள் ஹுனான் மாகாணத்தில் மிளகாய் போடாமல் சமைத்தால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். சூபெய் பிறந்த சாவ்சோவிலோ மிளகாயைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல் நகர்ந்து உட்காருவார்கள். இப்படி இரண்டு பேர் குவாங்சோவில் ஒரே கல்லூரியில் சேர்ந்து, காதலும் செய்தால், முதல் சண்டை வயிற்றுக்குள்தான் நடக்கும்.

விடுமுறை விட்டால் போதும், மலிவான ரயிலில் ஏறி ஏதாவது ஒரு பழைய ஊருக்குக் கிளம்பிவிடுவோம். பழைய ஊர் என்பது பெயரளவில்தான். எங்கே போனாலும் அதே சிவப்பு விளக்கு, குச்சியில் சுருட்டிய அதே உருளைக்கிழங்கு, கடை வாசலில் மேளம் தட்டிக் கூட்டம் சேர்க்கும் அதே பெண். ஆனால் இரண்டு சந்து தள்ளிப் போனால் உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் கடை ஒன்று கட்டாயம் இருக்கும். அதை மோப்பம் பிடிப்பதில் நான் கில்லாடி. ஃபெங்ஹுவாங்கில் ஆற்றோரக் கடைகளையெல்லாம் தாண்டி இழுத்துக்கொண்டு போய், ரத்தம் கலந்த அரிசிக் கட்டி போட்டு வதக்கிய வாத்துக்கறி வாங்கிக் கொடுத்தேன். சூபெய் அழுதுகொண்டே சட்டியைக் காலி செய்தான். அழுகை ருசிக்கா காரத்துக்கா என்று கேட்டேன். "ரெண்டுக்கும்தான், பேசாம சோறு போடு" என்றான். யாங்ஷுவோவில் பீர் ஊற்றிச் சமைத்த ஆற்று மீனை முள் எடுத்து எனக்கு ஊட்டியவனும் அவன்தான். மேசை மேசையாக ஆள் பிடிக்கும் அந்தக் கடைத்தெருவில் அத்தனை பேர் பார்க்க ஊட்டினான். எனக்குக் கூச்சமே இல்லை.

இந்த முறை சாவ்சோ. அவன் ஊர், அவன் அம்மா. அந்த ஊர் அம்மாக்களுக்கு மருமகள் உள்ளூர்க்காரியாக இருக்க வேண்டும். வெளி மாகாணத்துப் பெண் எவ்வளவு படித்திருந்தாலும் அவர்களுக்கு வேண்டாதவள்தான். போதாக்குறைக்கு லின் என்ற தரகரம்மாள், கைபேசி நிறைய உள்ளூர்ப் பெண்களின் படங்களோடு, அவன் அம்மா, அதாவது என் வருங்கால அத்தை, நடத்தும் ஊறுகாய்க் கடைக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள். படிப்பு முடியப் போகிறது. அத்தை தலையாட்டினால் கல்யாணம். இல்லையென்றால் அவன் இங்கே, நான் என் ஊரில். சூபெய் நல்லவன்தான். ஆனால் அம்மாவை எதிர்த்து நிற்க மாட்டான். ரயிலில் அவனே அதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவனை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை.

கல்வளைவுத் தெருவில், சிப்பி ஆம்லெட்டுக்கு வரிசையில் நிற்கும் பயணிகளை முட்டி மோதிக்கொண்டு கடைக்குள் நுழைந்தோம். ஆலிவ் ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே தேநீர்த் தட்டை வைத்துக்கொண்டு அத்தை உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து ஊற்றி ஊற்றிக் குடித்த இலை அது, பார்த்தாலே தெரிந்தது. உட்காரச் சொன்னார். வெந்நீரை அதே இலைமேல் ஊற்றினார். வெளுத்த தண்ணீர் என் கோப்பையில் விழுந்தது.

சூபெய்க்கு முகம் செத்துப்போனது. அவர்கள் வழக்கத்தில் புது ஆள் வந்து உட்கார்ந்தால் பழைய இலையைக் கொட்டிவிட்டுப் புது இலை போட வேண்டும். கல்லூரி விடுதியில்கூட யார் அறைக்குள் வந்தாலும் சூபெய் முதலில் இலையைத்தான் கொட்டுவான். மாற்றாமல் ஊற்றினால், நீ வந்ததே எனக்குப் பிடிக்கவில்லை, கிளம்பு என்று பொருள். வாய் திறக்காமலே என்னைத் துரத்தியாகிவிட்டது. அவன் புது இலை வைத்திருந்த இலைச் சொப்பின் மூடிக்குக் கை நீட்டினான். அத்தை ஒரு பார்வை பார்த்தார். கை தானாகத் திரும்பிப் போனது.

ஹுனான்காரியின் ரத்தம் கொதித்தது. ஆனால் அந்த ஊரில் தேநீர் குடிக்கும்போது முகம் சுளிப்பதும் அவமரியாதை. சிரித்த முகத்தோடு கடைசிச் சொட்டுவரை குடித்தேன். அப்புறம் கோப்பையை நானே எடுத்து வெந்நீரில் கழுவித் தட்டில் வைத்தேன்.

"அத்தை, விருந்தாளி வந்தாத்தானே இலை மாத்துவீங்க? எனக்கு மாத்தலையே. வந்ததும் வராததுமா என்னைக் காக்கிநாங்னு ஏத்துக்கிட்டீங்க. நான்தான் ராத்திரியெல்லாம் தூங்காம பயந்துகிட்டே வந்தேன்."

காக்கிநாங் என்றால் அவர்கள் பேச்சில் நம்ம ஆள். வெளியூர்க்காரி வாயில் அந்தச் சொல் வருமென்று அத்தை எதிர்பார்க்கவில்லை. மறுபடி ஊற்றப் போன அவர் கை தேநீர்க் கிண்ண மூடியின் மேலேயே நின்றுவிட்டது. இப்போது இலையை மாற்றினால் எனக்கு மரியாதை செய்ததாக ஆகும். மாற்றாவிட்டால் நான் வீட்டுப் பெண். எந்தப் பக்கம் போனாலும் ஜெயிப்பது நான்தான். அது அவருக்கும் புரிந்துவிட்டது. வியாபாரம் செய்கிறவர், புரியாமல் இருக்குமா?

"வாய் இருக்குடி ஒனக்கு" என்றார்.

"மொளகா தின்னு வளந்த வாய் அத்தை" என்றேன்.

அவர் உதடு கொஞ்சம் கோணியது. சிரிப்பா கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆலிவ் ஊறுகாயில் ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினார். சப்பென்று இருக்கும் என்று நினைத்து வாயில் போட்டேன். அவ்வளவு ருசி. வெட்கத்தை விட்டு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் நிழல் தட்டியது. தரகர் லின் அம்மாள், கையில் கைபேசியோடு. சூபெய் எழுந்து நின்றுவிட்டான். அவள் தானாகவே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்து, யார் இந்தப் பொண்ணு, பயணியா, என்ன வாங்க வந்திருக்கிறாள் என்று அத்தையிடம் கேட்டாள்.

அத்தை இலைச் சொப்பை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"விருந்தாளி வந்திருக்காங்க பாரு. இலையை மாத்தும்மா."

எழுந்து போய், வெளுத்துப்போன இலையை ஒன்றுவிடாமல் குப்பைக்கூடையில் தட்டிவிட்டு, லின் அம்மாளுக்குப் புது இலை போட்டேன்.