யார் கொட்டிய எரு

விடிந்ததும் புருஷனோடு வயலுக்குப் போனவள் வரப்பிலேயே நின்றுவிட்டாள். அவர்களுடைய குத்தகை வயலின் மூலையில் எரு குவிந்து கிடந்தது. அது அவர்கள் கொட்டியதல்ல. அந்தப் பக்கத்தில் எவன் எரு அடிக்கிறானோ அவன்தான் அந்த வருஷம் விதைப்பான். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது, அதுதான் பேச்சு. தானியம் விலை போகாமல் இரண்டு அறுவடைக் குத்தகை பாக்கி நிற்கிறது. நிலக்காரர் வேறு ஆளைப் பிடித்துவிட்டார் என்று புருஷன் ஒரே பார்வையில் முடிவுகட்டி, மூட்டை கட்ட வீட்டுக்குத் திரும்பினான். போகச் சொல்லிப் போவதைவிடத் தானாகப் போவது மேல் என்பது அவன் எண்ணம்.

அவளுக்கோ கால் நகரவில்லை. சாகக் கிடந்தாலும் வாசலில் யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாவாள் என்று புருஷனே கேலி செய்கிற ரகம் அவள். குந்தி உட்கார்ந்து எருவை உடைத்துப் பார்த்தாள். உள்ளே பருத்திக்கொட்டைத் தோல். மனுஷருக்கே கஞ்சி இழுபறியாக இருக்கும் வருஷத்தில் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைப்பது நிலக்காரர் வீட்டில் மட்டும்தான். குத்தகைக்காரனுக்குத் தன் எருவைத் தூக்கிக் கொடுக்கிற நிலக்காரரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. அதிலும் கொட்டியவனுக்குக் கொட்டவே தெரியவில்லை. இடம் விட்டு இடம் கொட்டாமல், தண்ணீர் தேங்குகிற மூலையாகப் பார்த்துக் கவிழ்த்திருந்தான். வண்டித்தடம் குடித்தவன் நடந்த மாதிரி வளைந்து வளைந்து போயிற்று. அவள் அதன் பின்னாலேயே போனாள்.

தடம் நிலக்காரர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் முடிந்தது. வேலையாட்களை நிறுத்திவிட்ட வீடு வெறிச்சோடிக் கிடந்தது. அவர் கிணற்றடியில் உட்கார்ந்து உள்ளங்கைக் கொப்புளங்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். எரிந்து விழுவார் என்று நினைத்தாள். அவரோ கையை மறைத்துக்கொண்டார்.

"வயல யாருக்கு விட்டிருக்கீங்க ஐயா? அதையாவது தெரிஞ்சிக்கிட்டுப் போறோம்."

அவர் திருதிருவென்று விழித்தார். கிழக்கு வயல்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போனதையும், அந்த நிலம் முள் மண்டிக் கிடப்பதையும், அடுத்து இவர்கள்தானோ என்று தூக்கம் கெட்டதையும் திக்கித் திக்கிச் சொன்னார். எருவுக்கு வழியில்லாமல்தான் போகிறார்கள் என்று அவராகவே நினைத்துக்கொண்டாராம்.

"உங்களுக்காகத்தாம்மா கொட்டினேன். பாக்கி பாக்கிதான், அத விட முடியாது. ஆனா போயிடாதீங்க."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இருக்கச் சொல்லிக் கொட்டிய எரு, அவர்களைப் போகச் சொல்லிவிட்டது. ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள்.

வீட்டு முன்னால் வண்டியில் சாமான் ஏறிவிட்டது. புருஷன் கடைசிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். அவள் மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, பாக்கியில் ஏதாவது குறைப்பாரா என்று மட்டும் கேட்டான்.

"மாட்டாரு."

வண்டிமேல் ஏறி, மூட்டைகளுக்கு அடியில் துழாவி எருக்கூடையை வெளியே இழுத்தாள். அதில் அவன் பாத்திரங்களை அடுக்கியிருந்தான். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். அவன் கயிற்றைக் கட்டவும் இல்லை, அவிழ்க்கவும் இல்லை. முனையைப் பிடித்தபடி, கூடை காலியாவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.