எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சுற்று

எங்கள் தெரு சரிவில் நிற்பது என் காரின் கை பிரேக்கை நம்பித்தான். கோத்தகிரியில் பல தெருக்கள் அப்படித்தான். என்னுடையது நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள பழைய வண்டி. வீட்டு முன்னால் நிறுத்தி, லிவரை டக் டக்கென்று ஐந்து பல் இழுத்துவிட்டால் பதினான்கு வீடுகளும் அசையாமல் இருக்கும்.

அன்று காலை லிவர் ஒன்பது பல் வரை வந்தது. பால்காரர் எங்கள் பாக்கெட்டை மேல்வீட்டுச் சிந்தாமணி அக்கா வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அவர் மேல் தப்பில்லை. வழக்கமான இடத்தில்தான் வைத்திருந்தார். வீடுகள்தான் ஒரு வாசல் இறங்கியிருந்தன.

வேறொரு நாளாக இருந்தால் இறங்கினால் இறங்கட்டும் என்று விட்டிருப்பேன். அன்று என் மனைவி அமலி வருகிறாள். மஸ்கட்டில் மூன்று வருடம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு நாலு மணி பஸ்ஸில் வருகிறாள். நடுவில் ஒருமுறை லீவில் வந்தபோது நான் நேரத்துக்கு ஸ்டாப்புக்குப் போகவில்லை. அதை அவள் மறக்கவில்லை. "இறங்கும்போது நீங்க நிக்கலைன்னா அதே பஸ்ல எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டே இருப்பேன்" என்று போனிலேயே சொல்லிவிட்டாள். சொன்னால் செய்வாள்.

மெக்கானிக் காசிம் பாய் வந்து பார்த்தார். கேபிளில் இரண்டு இழைதான் மிச்சம் என்றார்.

"லிவரை முழுசா இறக்கினாத்தான் கழட்ட முடியும். எல்லாரும் கல்லு வைங்க."

ஆளுக்கொரு கல்லை எடுத்து வீட்டுக்கு அண்டை கொடுத்தார்கள். சிந்தாமணி அக்கா அம்மிக்கல்லை வைத்தார். அவர் வீட்டில் அன்று சட்னி கிடையாது.

பாய் பின்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றி, உள்ளே கொக்கியில் மாட்டியிருந்த பழைய கேபிளை உருவினார். புதியதை மாட்டி, டிரம்மைப் போட்டு, கையால் சுற்றிப் பார்த்து முதலில் டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூவைச் சரிசெய்தார். அப்புறம்தான் கேபிள் நட்டை முடுக்கினார். ஐந்தாவது பல்லில் கச்சிதமாகப் பிடித்தது. அங்கேயே விட்டிருக்கலாம். "எதுக்கும் இருக்கட்டும்" என்று இன்னொரு சுற்று இறுக்கினார். இந்த வார்த்தையைச் சொல்லாமல் நம் ஊரில் யார் ஸ்பேனரைக் கீழே வைத்தார்கள்?

சக்கரத்தை மாட்டி ஜாக்கியை இறக்கினார். லிவரை இழுத்தேன். கற்களை எடுத்தோம். தெரு அசையவில்லை. தெருவில் வேறெதுவும் அவ்வளவாக அசையவில்லை. சிந்தாமணி அக்கா அடுப்பில் பால் பொங்குவதா வேண்டாமா என்று நின்றது. கொடியில் ஒரு துண்டு பறந்த வாக்கிலேயே இருந்தது. நான் மூன்றரைக்கு ஸ்டாப்புக்குக் கிளம்பினேன். வேகமாகத்தான் நடந்தேன். நாலு மணிக்குக் கார் கதவைத் தாண்டியிருந்தேன்.

"பாய், ரொம்ப டைட்டா இருக்கு."

"லூஸ் பண்ணிடலாம் தம்பி," என்றார். அதில் 'தம்பி' வந்து சேர ஐந்து நிமிடம் ஆனது. அவர் கை ஸ்பேனரை நோக்கிப் புறப்பட்டது.

கீழே பஸ் வந்து நின்றது. அது எங்கள் தெருவைச் சேர்ந்ததல்ல, அதற்கொரு தடையும் இல்லை. அமலி இறங்கினாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு கண்டக்டர் அவள் பெட்டியை மறுபடி உள்ளே தூக்கி வைத்தார். மூன்று வருடம் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டவன் நான். அழுகை வந்தது. அதுவும் கண்ணோரத்திலேயே நின்றது.

கார் கதவு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. உள்ளே கையை விட்டு லிவரை அடிவரை இறக்கினேன்.

தெரு நகர்ந்தது. பாய் கூடுதலாகப் போட்ட சுற்றினால் ஷூ டிரம்மை லேசாக உரசிக்கொண்டே இருந்தது. அதனால் ஒரு பாத்திரம்கூட உருளாமல் நிதானமாக இறங்கினோம்.

"வளைவுல பாத்துப்பா," என்றார் சிந்தாமணி அக்கா.

அமலி பஸ் படியில் ஒரு காலை வைத்திருந்தாள். சத்தம் கேட்டுத் திரும்பினாள். காலைக் கீழே எடுத்து, பெட்டியை வாங்கிக்கொண்டு, எங்கள் தெருவுக்குக் கையை நீட்டினாள். தெரு நின்றது.

"லேட்டு," என்றாள்.

"ரெண்டு நிமிஷம்தான்," என்றேன்.

ஏறினாள். பின்னால் வந்த சர்ச் தெரு ஹாரன் அடித்தது. ஓரமாக ஒதுங்கி வழிவிட்டோம்.