இறங்காத கைகள்

ரூஃபிமாட் ஊர்ச்சபையில் மே மாதத்து முதல் ஞாயிறன்று மதியம் உயர்ந்த கைகள் அடுத்த வசந்தம் வரை இறங்கவில்லை. முந்நூறுக்கும் மேற்பட்ட கைகள், பெரும்பாலும் வலது. அன்று திடலில் நின்று கையைத் தூக்கியவர்களுக்கு மட்டும்தான் இப்படி ஆனது. தூக்காமல் முறைத்துக்கொண்டு நின்ற நாற்பது ஐம்பது பேருக்கும், காய்ச்சலில் படுத்திருந்தவர்களுக்கும், ஓட்டுரிமை இல்லாத பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் இல்லை. அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவன் யோஸ்ட் ஹெஃப்டியின் கையும் மேலேதான் நின்றது. போட்டியிடுகிறவர் தன் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொள்வதுதான் அந்த ஊர் மரியாதை. அவன் தனக்குத்தானே தூக்கியிருந்தான்.

அந்தப் பள்ளத்தாக்கில் வாக்குப்பெட்டி கிடையாது. எல்லோரும் திடலில் வளையமாக நிற்பார்கள், கையைத் தூக்குவார்கள், மேடையில் இருப்பவர் கண்ணால் அளந்து எந்தப் பக்கம் அதிகம் என்று சொல்லிவிடுவார். அன்றைக்குக் காலையிலிருந்தே மழையும் பனியும் கலந்து பெய்துகொண்டிருந்தது. பன்னிரண்டு வருடம் தலைவராக இருந்த காஸ்பார் எல்மர் கடைசி விஷயமாகக் கருப்போடையைப் பற்றிப் பேச எழுந்தார். ஊருக்கு மேலே மலைச்சரிவு விரிசல் விட்டிருக்கிறது, அது ஓடைக்குள் இறங்கினால் சேறும் பாறையும் நேராகக் கீழ்த்தெருவுக்குத்தான் வரும், அடுத்த வருடம் பனி உருகுவதற்குள் மேல் புல்வெளியில் பெரிய தடுப்புப் பள்ளம் ஒன்று வெட்டியாக வேண்டும் என்பது விஷயம். விஷயம் சரிதான். ஆனால் காஸ்பார் பேசினால் மாடுகூடக் கொட்டாவி விடும். மண்ணில் எத்தனை வகை உண்டு, வடிகால் குழாய் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று அவர் விளக்கிக்கொண்டே போனார். கீழ்த்தெருவில் யோஸ்டின் அக்கா சலோமே நடத்துகிற ‘மான்’ என்ற சாப்பாட்டு விடுதியிலிருந்து, சபை நாளில் மட்டும் செய்யும் கன்றுக்கறித் தொத்திறைச்சியின் வாசனை மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.

காஸ்பாரை எதிர்த்துத் தலைவர் பதவிக்கு நின்ற யோஸ்ட், மல்யுத்தத் திருவிழாக்களில் மைக் பிடிக்கிறவன். அவன் குரலில் கேட்டால் தோற்றவனுக்கே ஜெயித்த மாதிரி இருக்கும். காஸ்பார் இறங்கியதும் அவன் மேடையேறி, “கருப்போடை நம்ம ஓடை. பட்டணத்து எஞ்சினியர் வந்துதான் அதப் பத்தி நமக்குச் சொல்லணுமா? நான் பாத்துக்கறேன். வாங்க, சாப்பிடப் போலாம்!” என்றான். அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளுக்காகவே கைகள் உயர்ந்தன. எதிர்ப்பு யார் என்று மேடையில் இருந்தவர் கேட்கவும் இல்லை. அவருக்கும் பசிதான்.

முதல் நாள் பெரும்பாலானவர்கள் இடது கையால் சாப்பிட்டார்கள். குளிரில் நரம்பு பிடித்துக்கொண்டது என்று சொல்லிக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்துப் பட்டணத்திலிருந்து வந்த டாக்டர் தோள்களை எல்லாம் படம் எடுத்துப் பார்த்து, எலும்பும் தசையும் நன்றாக இருக்கின்றன, இறங்கத்தான் மாட்டேன் என்கின்றன என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஊர் பழகிவிட்டது. தையற்காரி சட்டைகளின் ஒரு பக்கத்தைப் பிரித்துப் பொத்தான் வைத்துக் கொடுத்தாள். வாசல்களில் குனிந்து நுழைந்தார்கள். ஒற்றைக் கையால் கறக்க விடாமல் மாடுகள் ஒரு மாதம் முரண்டு பிடித்து, பிறகு விட்டுக்கொடுத்தன. பேருந்தில் வந்த சுற்றுலாக்காரர்கள் தங்களுக்குத்தான் கையசைக்கிறார்கள் என்று நினைத்து மகிழ்ச்சியாகப் பதிலுக்கு அசைத்தார்கள், ரூஃபிமாட்காரர்களைப் போல அன்பானவர்கள் இல்லை என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்கள். கைகட்டி நிற்க முடிந்தவர்கள் ஊரில் கொஞ்சம் பேர்தான். காஸ்பார் எல்மர் கடைத்தெருவில் நின்று தேவைக்கு அதிகமாகவே கைகட்டினார்.

சங்கடம் இலையுதிர்காலச் சபையில்தான் தெரிந்தது. நாய் வரியை உயர்த்தலாமா என்று யோஸ்ட் கேட்டான். திடல் முழுக்கக் கைகள். அவனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நாய் வரியை ரத்து செய்யலாமா என்று வளையத்தின் பின்னாலிருந்து யாரோ குறும்புக்குக் கேட்டார்கள். அதற்கும் அதே கைகள். ஆகவே ஒரே காலையில் வரி உயர்ந்தது, ரத்தும் ஆனது. தேவாலய மணி பழுது பார்க்கப்பட வேண்டும் என்றும் அதைத் தொடவே கூடாது என்றும் பெருவாரியாக முடிவானது. பக்கத்துப் பள்ளத்தாக்கோடு சேருவது என்றும் அவர்களோடு பேச்சே வைத்துக்கொள்வதில்லை என்றும் முடிவானது. ஒவ்வொன்றையும் யோஸ்ட் தன் அருமையான குரலில் மக்களின் வெற்றி என்று அறிவித்தான். மாவட்டப் பத்திரிகை தெளிவான தீர்ப்பு என்று எழுதியது. செய்தி கேள்விப்பட்டுத் தலைநகரிலிருந்து கட்சிக்காரர்கள் சிலர் வந்தார்கள். எதைக் கேட்டாலும் உயர்ந்தே நிற்கும் கைகளை வெகுநேரம் ஏக்கத்தோடு பார்த்தார்கள், நீங்கள் என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டு ஒரு புட்டியில் பிடித்துக்கொண்டு போனார்கள்.

கருப்போடை விஷயம் மட்டும் அப்படியே கிடந்தது. பட்டணத்து எஞ்சினியர் ப்ரிஸ்கா மூன்று முறை வந்து வரைபடத்தை விரித்தாள். யோஸ்டுக்கு அதில் ஒரு கோடும் புரியவில்லை. எது மேடு எது பள்ளம் என்றுகூடத் தெரியவில்லை. கேட்டால் மானம் போய்விடும் என்று, “பாத்துக்கறேன்” என்று தலையாட்டி அனுப்பிவிட்டான். அவனுக்குத் தூக்கம் போய் மாதக்கணக்காகியிருந்தது. அந்தச் சரிவு வந்தால் முதலில் போவது அக்காவின் விடுதி. அம்மா அப்பா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். அவளுடைய விடுதி நிற்பதும் போவதும் தன் கையில் இருக்கிறது, அந்தக் கையோ சும்மா வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்று நினைத்து ராத்திரியில் எழுந்து ஓடைச் சத்தத்தைக் கேட்க ஜன்னலைத் திறப்பான்.

மார்ச் தொடக்கத்திலேயே தெற்கிலிருந்து வெப்பக் காற்று இறங்கிவிட்டது. கூரைகளிலிருந்து பனி சொட்டத் தொடங்கியது, ஓடைத் தண்ணீர் பழுப்பாக வந்தது. அன்று காலை சலோமே விடுதியின் சமையலறையில் ஒற்றைக் கையால் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தாள். யோஸ்ட் குனிந்து உள்ளே வந்தான்.

“வா. டீச்சர் இன்னும் உன்னக் கேக்கலையா? ஒரு வருஷமா கையத் தூக்கிட்டு நிக்கிறியே.”

“உன் கை மட்டும் என்னவாம்?”

“என் கைய விடு. நேரா கேக்கறேன், நேரா சொல்லு. என் வீடு நிக்குமா, போகுமா?”

“அக்கா, இந்த ஊரோட ஒவ்வொரு கல்லும் நம்ம முன்னோர்கள்...”

“டேய், மைக்கக் கீழ வை.”

“மைக் எங்கக்கா இருக்கு?”

“இல்லாத மைக்கத்தான் கீழ வைன்னு சொல்றேன். அந்த ஓடைய என்ன பண்றதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

யோஸ்ட் வாயைத் திறந்தான். வழக்கமாக அந்த இடத்தில் ஏதாவது ஒரு வாக்கியம் தானாக வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை. “தெரியாதுக்கா” என்றான். “சத்தியமா தெரியாது. அந்தப் படம் தலைகீழா இருக்கா நேரா இருக்கான்னுகூடத் தெரியல.”

அவன் கை இறங்கியது. தொப்பென்று மேசையில் விழுந்து ஒரு பால் குவளையைத் தட்டிவிட்டது. இருவரும் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார்கள். தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் சூடாக ரத்தம் ஓடுவது அவனுக்குத் தெரிந்தது. இவ்வளவு நிம்மதியை அவன் ஜெயித்த அன்றுகூட அறிந்ததில்லை. சலோமே துணியை எடுத்துப் பாலைத் துடைக்கப் போனவள் நின்று, “நான் மட்டும் என்ன ஒழுங்கு? உனக்குன்னு தூக்கல, ஓடைக்குன்னும் தூக்கல. கூட்டம் சீக்கிரம் முடிஞ்சா கறி ஆறிப்போகாதேன்னுதான் தூக்கினேன்” என்றாள். அவள் கையும் இறங்கியது. இறங்கிய கையால் தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள்.

இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு தலைவன் தெருவில் நடந்ததும் ஊர் கூடிவிட்டது. அவன் நடந்ததைச் சொன்னான். அங்கேயே நின்று, தாங்கள் ஏன் கை தூக்கினோம் என்று ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். பக்கத்தில் நின்றவள் தூக்கினாள், நானும் தூக்கினேன். குரல் நன்றாக இருந்தது. காஸ்பார் குழாய் பற்றிப் பேசுவதை நிறுத்தினால் போதும் என்று இருந்தது. கால் உறைந்துவிட்டது. நாய் வரிக்கு என்று நினைத்தேன். சொல்லச் சொல்லத் தெரு நெடுகக் கைகள் இறங்கின. தந்திரத்துக்குத் தெரியாது என்று சொல்லிப் பார்த்தவர்களுக்கு இறங்கவில்லை. ரொட்டிக் கடைக்காரர் மார்ட்டி நாலு தரம் அப்படிச் சொல்லியும் கை அசையவில்லை. கடைசியில், காஸ்பாரின் தங்கை தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதற்காகத்தான் தூக்கினேன் என்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்ன பிறகுதான் இறங்கியது. மார்ட்டியின் மனைவி பக்கத்தில்தான் நின்றாள். அது எனக்குத் தெரிந்ததுதான் என்று சொல்லிவிட்டு அவள் கடைக்குள் போனாள்.

யோஸ்ட் அங்கிருந்து நேராகக் காஸ்பார் வீட்டுக்குப் போனான். காஸ்பார் கைகட்டிக்கொண்டுதான் கதவைத் திறந்தார்.

“என்னப்பா தலைவரே, இந்தப் பக்கம்?”

“ஓடைய என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலண்ணே.”

“இதச் சொல்லப் பத்து மாசமா?” அந்தக் காட்சியைக் கொஞ்ச நேரம் அனுபவித்துவிட்டுத்தான் அவர் வழிவிட்டார். “உள்ள வா. எனக்கும்தான் தெரியாது. பன்னெண்டு வருஷமும் தெரியாமத்தான் தலைவரா இருந்தேன். ஆனா தெரிஞ்சவங்களப் போய்க் கேட்டேன். நீ கேக்கல.”

“நீங்க கேட்டதச் சொன்னப்ப எங்களுக்குத் தூக்கம் வந்துச்சேண்ணே.”

“அது என் தப்புதான்” என்றார் காஸ்பார். கைகட்டை அவிழ்த்துவிட்டுக் காப்பி போடப் போனார்.

மறுநாள் ப்ரிஸ்கா வந்தாள். யோஸ்ட் அன்று முழுக்க அவளைக் கேள்வி கேட்டே கொன்றான். இது எதற்கு, அது ஏன், அங்கே வெட்டினால் தண்ணீர் எங்கே போகும். மதியத்துக்குள் அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது, சாயங்காலத்துக்குள் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சொன்னதை அவன் திடலில் நின்று ஊருக்குச் சொன்னான். அதே குரல்தான், ஆனால் இந்தத் தடவை அதற்குள் விஷயம் இருந்தது. யாரும் கொட்டாவி விடவில்லை. மண்வெட்டியைப் பிடிக்க இரண்டு கை வேண்டும், இரண்டும் எல்லோரிடமும் இருந்தன. மூன்று வாரம் ஊரே மேல் புல்வெளியில் கிடந்தது, இயந்திரங்கள் போக முடியாத சரிவில் கையாலேயே வெட்டினார்கள். காஸ்பார் குழாய்களைப் பார்த்துக்கொண்டார். கீழ்த்தெருக்காரர்கள் பெட்டி படுக்கையோடு தேவாலயத்துக்கு இடம் மாறினார்கள்.

ஏப்ரலில் ஒரு மத்தியானம் மலை இறங்கியது. தேவாலய மேட்டில் நின்று எல்லோரும் பார்த்தார்கள். சேறும் பாறையும் மரங்களுமாக வந்து பள்ளத்தில் விழுந்தது, நிறைந்தது, விளிம்பு வரை வந்தது. விளிம்பில் கொஞ்சம் வழிந்து தெருவில் இறங்கி, மான் விடுதியின் கோழிக்கூண்டை இழுத்துக்கொண்டு போய்ப் பாலத்தடியில் நின்றது. கோழிகள் முன்னமே தேவாலயத்தில் இருந்தன. சலோமே வீட்டைப் பார்த்தாள், அது நின்றுகொண்டிருந்தது. “கூண்டுக்கு நீதான்டா பதில் சொல்லணும்” என்று தம்பியிடம் சொன்னாள், சொல்லும்போதே அழுதாள். யோஸ்ட் ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவனுக்குச் சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்கும் அது தொற்றிக்கொண்டது.

அதற்குப் பிறகும் ரூஃபிமாட்டில் கைகள் அவ்வப்போது மாட்டிக்கொள்கின்றன. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சபையில் ஒருவர் கை நின்றுவிட்டால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடு என்பார், அவர் முணுமுணுப்பார், கை இறங்கும், பேச்சு தொடரும். யோஸ்டுக்கே இரண்டு முறை மேடையில் வைத்து ஆகியிருக்கிறது. இரண்டு தடவையும் வாக்கியத்தின் பாதியில் நிறுத்தி, இது எனக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்றான். புதிதாக வந்த பாதிரியார் இதைத் தெய்வச் செயல் என்று பிரசங்கத்தில் சொல்லப் பார்த்தார், ஊர்க்காரர்கள் அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நாலு வருடம் கழித்து வந்த தேர்தலில் யோஸ்டை எதிர்த்து ஒரு வக்கீல் நின்றார். பட்டணத்தில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். வரி, சாலை, பள்ளிக்கூடம், பனி, எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. பேச்சும் யோஸ்டின் பேச்சைவிட அழகு. ஊர் ரசித்துக் கேட்டது, கைதட்டியது. அப்போது மார்ட்டியின் மனைவி வளையத்திலிருந்து, “தம்பி, ரொம்ப நல்லாப் பேசினீங்க. உங்களுக்குத் தெரியாதது ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டாள். வக்கீல் நேர்மையானவர், நன்றாக யோசித்துவிட்டுத்தான் இல்லை என்று சொன்னார். அவருக்காகக் கை தூக்கும்படி மேடையிலிருந்து கேட்டார்கள். திடலில் எல்லோர் கையும் கோட்டுப் பைகளுக்குள்ளேயே இருந்தது.

அடுத்து யோஸ்டின் பெயரைச் சொன்னார்கள். அவன் தன் இரண்டு கைகளையும் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றான். உடனே யாரும் தூக்கவில்லை, எல்லோரும் யோசித்தார்கள். வளையத்தின் அந்தப் பக்கம் சலோமே அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள், கடைசியாகத்தான் அவள் தூக்கினாள். மேடையில் இருந்தவர் கண்ணால் அளந்து போதும் என்று சொன்னார். கைகள் எல்லாம் தாமாகவே இறங்கின.